ரெட் விங்: ஹொலிவூட்டின் முதல் நாயகியரில் ஒருவர்

கௌபோய் படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை எம்முடையது. அந்தப் படங்களிலே குதிரை மீதேறி ஓலமிட்டு வந்து சுடப்பட்டு விழுவோரைச் 'செவ்விந்தியர்' என்று அழைத்தோம். அச்சொல்லைப் பத்திரிகைத் தலைப்புகளில் நானும் பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன். அவர்கள் இந்தியரல்லர், செந்நிறத்தாருமல்லர் என்று அப்போது எவரும் திருத்தவில்லை. எனக்கும் திருத்தத் தோன்றவில்லை. விழுந்தவர்களுட் பெரும்பாலோர் சாயம் பூசிய வெள்ளையர் என்பதைப் பிற்காலத்திலேயே அறிந்தேன். அதனிலும் பிந்தி அறிந்துகொண்டதுதான் லிலியன் சென்ட் சேர் என்ற பெண்ணின் கதை.

அவர் ஹோ-சங்க் இனத்தவர். வெளியார் இவ்வினத்தை வின்னபேகோ என்றழைத்தனர். விஸ்கொன்சின் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட இம்மக்களை அமெரிக்க அரசு பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீண்டும் மீண்டும் பெயர்த்தது. ஐயோவா, பின்னர் மினசோட்டா, அதன்பின் 1863இல் தென் டக்கோட்டாவின் வறண்ட நிலம் என அலைக்கழிந்து, 1865இல் நெப்ராஸ்காவில் ஒதுக்கப்பட்ட ஒரு துண்டு நிலத்திற்கு வந்து சேர்ந்தனர். இடப்பெயர்வு என்றால் என்னவென்று எமது வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த நெப்ராஸ்கா நிலத்தில் 1884இல் லிலியன் பிறந்தார்.

இளம் வயதிலேயே பெற்றோரை இழந்த அவர் பென்சில்வேனியாவிலிருந்த கார்லைல் கைத்தொழிற் பாடசாலையில் சேர்க்கப்பட்டார். ரிச்சர்ட் பிராட் என்ற இராணுவ அதிகாரி 1879இல் நிறுவிய விடுதிப் பாடசாலை அது. பழங்குடிப் பிள்ளைகளின் கூந்தலைக் கத்தரித்து, தாய்மொழி பேசத் தடை விதித்து, அவர்களை 'நாகரிகப்படுத்துவது' அதன் நோக்கம். மாணவியரை வெள்ளையர் இல்லங்களுக்கு வேலைக்கு அனுப்புவதும் கல்வியின் ஓர் அங்கமாகக் கருதப்பட்டது. லிலியன் 1902இல் அங்கு கல்வியை நிறைவு செய்தார். பின்னர் வொஷிங்டனில் ஒரு கன்சாஸ் அரசியல்வாதியின் வீட்டிலே பணிபுரிந்தார். ஆங்கிலம் நன்கு கற்ற ஒரு பட்டதாரிப் பெண்ணுக்கு அக்காலம் திறந்து வைத்திருந்த கதவு அதுவாகவே இருந்தது.

1906இல் ஜேம்ஸ் யங் ஜோன்சன் என்பவரை மணந்தார். 'யங் டீர்' என்ற மேடைப் பெயரால் அறியப்பட்டவர் இவர். தாமும் வின்னபேகோ இனத்தவர் என்று அவர் கூறிக்கொண்ட போதிலும், டெலவெயர் மாநிலத்துக் கலப்பினச் சமூகமொன்றே அவரது வேர் எனப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. லிலியன் 'ரெட் விங்' ஆனார். தமிழில் செஞ்சிறகு எனலாம். குதிரைச் சாகசக் காட்சிகளிலிருந்து இருவரும் சினிமாவுக்கு வந்தனர். பழங்குடிக் கதைகளுக்கு அந்நாளில் பெரும் கிராக்கி இருந்தது. பைசன் நிறுவனத்துடன் 1909இன் இறுதியில் லொஸ் ஏஞ்சல்ஸ் வந்த முன்னோடிக் குழுவில் இவ்விருவரும் இருந்தனர். விரைவில் யங் டீர் பிரெஞ்சுக் கம்பனியான பதேயின் மேற்குக்கரைப் படப்பிடிப்பகத்தை நடத்தும் நிலைக்கு உயர்ந்தார். அவர் 1910இல் இயக்கிய 'வைட் ஃபோன்ஸ் டிவோஷன்' என்ற குறும்படம் 2008இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

ரெட் விங் இக்காலத்தில் எண்ணற்ற ஒற்றைச் சுருள் படங்களில் நடித்தார். வெள்ளையனைக் காப்பாற்றும் பெண், அவனைக் காதலிக்கும் பெண், இறுதியில் அவனுக்காக மடியும் பெண் என்ற வட்டத்திற்குள்ளேயே அவரது வேடங்கள் பெரும்பாலும் சுழன்றன. விளம்பரங்கள் அவரை 'இளவரசி' என்றன. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தவரும் பழங்குடி வம்சாவளியில் வராதவருமான ஜோசபின் வேர்க்மன் என்ற நடிகையும் 'மோனா டார்க்ஃபெதர்' என்ற பெயரில் இளவரசியாக்கப்பட்டார். பார்வையாளருக்கு இரண்டும் ஒன்றே.

இவையனைத்தையும் விட முக்கியமான சம்பவம் 1913 டிசம்பரில் நிகழ்ந்தது. ஜெஸ்ஸி லஸ்கி, அவரது மைத்துனர் சாமுவேல் கோல்ட்ஃபிஷ், செசில் டி மில் ஆகியோர் சேர்ந்து ஒரு கம்பனி தொடங்கினர். அதுவரை படமே இயக்கியிராத டி மில், 'த ஸ்குவோ மேன்' என்ற மேடை நாடகத்தைப் படமாக்கப் புறப்பட்டார். முதலில் அரிசோனாவின் பிளாக்ஸ்டாஃபில் இறங்கி, இடம் பிடிக்காமல் மீண்டும் ரயிலேறி ஹொலிவூட் வந்தார். அங்கு ஒரு களஞ்சியக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, ஒஸ்கார் அப்ஃபெலுடன் இணைந்து டிசம்பர் 29இல் படப்பிடிப்பைத் தொடங்கினார். ஹொலிவூட்டில் எடுக்கப்பட்ட முதற்படம் இதுவென்று சிலர் எழுதுவர், அது பிழை. கிரிஃபித் 1910இலேயே அங்கு ஒரு குறும்படம் எடுத்திருந்தார். ஹொலிவூட்டில் உருவான முதல் முழுநீளப் படம் என்பதே சரியான கூற்று.

அப்படத்தின் நாயகி நாட்-யு-ரிச் வேடத்தை ஏற்றவர் ரெட் விங். நாயகன் டஸ்டின் ஃபார்னம். ஓர் ஆங்கிலேயக் கனவானைக் காப்பாற்றி, அவனை மணந்து, ஒரு மகனைப் பெற்று, அம்மகன் இங்கிலாந்துக்கு அனுப்பப்படவிருக்கும் வேளையில் தன்னுயிரைத் தானே மாய்க்கும் பாத்திரம் அது. தலைப்பிலுள்ள 'ஸ்குவோ' என்ற சொல், பழங்குடிப் பெண்களை இழித்துரைப்பது. 2022இல் அமெரிக்க உள்துறை அமைச்சு ஏறத்தாழ 650 இடப்பெயர்களிலிருந்து அதனை நீக்கியது. படத்தில் நாயகியின் தந்தையாக, குலத் தலைவராக நடித்தவர் ஜோசப் சிங்கிள்டன் என்ற வெள்ளையர். எனினும் 1914 பெப்ரவரியில் வெளியான அப்படத்தின் மையப் பெண் வேடத்தில் உண்மையாகவே ஒரு பழங்குடிப் பெண் நின்றார். அன்று பழங்குடியினர் பலர் சட்டத்தின் கண்ணில் அமெரிக்கக் குடிமக்களே அல்லர். அனைவருக்குமான குடியுரிமைச் சட்டம் வந்தது 1924இல்.

படம் பெருவெற்றி பெற்றது. டி மில்லின் பெயர் நிலைத்தது. முழுநீள நாயகி ஒருத்திக்கு அதன்பின் வேடங்கள் குவிந்திருக்க வேண்டும் அல்லவா? அதே ஆண்டில் டொம் மிக்ஸுடன் ஒரு படத்தில் துணை வேடம் கிடைத்தது. 1916இல் 'ரமோனா' என்ற பெரும்படத்தில் ஒரு சிறு வேடம். ரமோனா, நாவலின்படி பழங்குடித் தாய்க்குப் பிறந்தவள். 1910இல் அவ்வேடத்தை ஏற்றவர் மேரி பிக்ஃபோர்ட். 1916இல் அடா கிளீசன். இருவரும் வெள்ளையர். குறும்படங்களின் காலத்தில் பழங்குடியினரிடம் இருந்த இடம், படங்கள் நீண்டு நட்சத்திரங்கள் உருவானபோது பறிபோயிற்று. பெரிய முதல் போட்டவர்கள் பெயர் பெற்ற முகங்களையே தேடினர். சாயம் மலிவானது.

டி மில் 'த ஸ்குவோ மேன்' படத்தை மேலும் இருமுறை எடுத்தார். 1918இல் நாயகி ஆன் லிட்டில். 1931இல் மெக்சிக்கோ நாட்டு நட்சத்திரம் லூப்பே வேலஸ். தாம் உயிர் கொடுத்த வேடத்திற்கு ரெட் விங் மீண்டும் அழைக்கப்படவில்லை.

கணவருடனான வாழ்வும் நீடிக்கவில்லை. யங் டீர் 1913இல் இங்கிலாந்து சென்றுவிட்டார். ரெட் விங் சினிமாவை விட்டு நியூயோர்க் நகரிலே குடியேறினார். பாடசாலைகளில் பழங்குடிப் பண்பாடு பற்றி உரையாற்றினார். மரபுவழி ஆடைகளையும் தலையணிகளையும் தைத்து வாழ்ந்தார். கார்லைல் மறக்கச் செய்ய முயன்றவற்றை நகரத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதே தொழிலானது. இதனை நான் ஒரு சிறிய விடயமாகக் கருதவில்லை. அவரது முழுமையான வாழ்க்கை வரலாறு, லிண்டா வாகனரின் ஆய்வுநூலாக, 2019இலேயே வெளிவந்தது.

ஹொலிவூட்டில் அந்தக் கொட்டகை இன்றும் இருக்கிறது. இடம் மாற்றப்பட்டு, 1985 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது. படமும் அழியாமல் எஞ்சியுள்ளது.

அன்றைய சாமுவேல் கோல்ட்ஃபிஷ், பின்னாளில் கோல்ட்வின் எனப் பெயர் மாற்றி ஹொலிவூட்டின் பெரும் தயாரிப்பாளரானார். அவர் 1974 ஜனவரி 31இல் காலமானபோது உலகப் பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. நாற்பத்தொரு நாட்கள் கழித்து, மார்ச் 13இல், நியூயோர்க்கில் ரெட் விங் மறைந்தார். அப்போது அவருக்கு வயது தொண்ணூறு.