டேவிட் லோவின் ஒப்பந்தச் சீட்டு

1927ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் ஒரு பத்திரிகை முதலாளிக்கும் ஒரு கேலிச்சித்திரக்காரருக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஆயுளில் பாதிக்கு மேல் கல்லாவில் உட்கார்ந்து எத்தனையோ ஒப்பந்தச் சீட்டுகளைப் பார்த்தவன் நான். இப்படி ஒரு ஷரத்தைக் கண்டதில்லை. எந்த விஷயத்தை வரைவது, எப்படி வரைவது, படத்தில் என்ன கருத்தைச் சொல்வது, எல்லாம் வரைபவர் இஷ்டம். பத்திரிகையின் அரசியல் ஒரு பக்கம் போகலாம், படம் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் போகலாம். சம்பளம் மட்டும் தவறாமல் வந்துவிட வேண்டும்!

முதலாளி பீவர்புரூக் பிரபு. பழமைவாதக் கட்சிக்காரர், 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' பத்திரிகையின் சொந்தக்காரர். சித்திரக்காரர் டேவிட் லோ, இடதுசாரிப் பக்கம் சாய்ந்தவர். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இருவருமே லண்டனுக்கு வந்தேறியவர்கள். ஒருவர் கனடாவிலிருந்து வந்தவர், மற்றவர் நியூசிலாந்திலிருந்து. ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு லோவின் கதையில் அக்கறை பிறப்பதற்கு இதுவே போதும்.

லோ 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் நியூசிலாந்தின் டனீடின் நகரில் பிறந்தார். பெரிய கலைக்கல்லூரிப் படிப்பெல்லாம் கிடையாது. ஆங்கில நகைச்சுவைப் பத்திரிகைகளைப் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்ட கை. சிறுவனாக இருந்தபோதே அவர் படங்கள் அச்சேறத் தொடங்கிவிட்டன. 1911இல் கடல் தாண்டி ஆஸ்திரேலியாவுக்குப் போய், சிட்னியின் 'புல்லட்டின்' வார இதழில் சேர்ந்தார்.

அப்போது ஆஸ்திரேலியாவின் பிரதமராக வந்தவர் பில்லி ஹியூஸ். ஆள் குள்ளம், குரலோ இடி. அவரும் லண்டனில் பிறந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தவர்தாம், பெற்றோர் வேல்ஸ்காரர்கள். 1916இல் லோ ஒரு படம் போட்டார். லண்டனில் நடந்த கூட்டத்தில் ஹியூஸ் மேசையைக் குத்திக் கூச்சலிடுகிறார்; பயந்துபோன பிரிட்டிஷ் பிரதமர் ஆஸ்குவித், வேல்ஸ்காரரான லாயிட் ஜார்ஜைப் பார்த்து, உங்கள் தாய்மொழியிலாவது பேசி இந்த மனுஷனை அடக்குமய்யா என்கிற மாதிரி கெஞ்சுகிறார். இந்தப் படம் லோவின் பெயரைக் கடல் கடந்து கொண்டுபோயிற்று. 1918இல் ஹியூஸ் படங்களைத் தொகுத்து 'தி பில்லி புக்' என்று வெளியிட்டார். அதைப் பார்த்த ஆங்கில நாவலாசிரியர் ஆர்னால்ட் பென்னெட், இந்த ஆளை யாராவது லண்டனுக்கு அழைத்து வரக்கூடாதா என்று எழுதினார். அழைப்பும் வந்தது. 1919இல் லோ லண்டன் வந்து 'ஸ்டார்' என்ற மாலைப் பத்திரிகையில் சேர்ந்தார்.

வந்தவர் சும்மா இருக்கவில்லை. லாயிட் ஜார்ஜின் கூட்டணி அரசை இரண்டு தலைக் கழுதையாக வரைந்தார். லண்டனில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்தத் துணிச்சல் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. அங்கே பெரிய மனிதர்கள் எல்லோரும் ஒரே பள்ளியில் படித்து, ஒரே கிளப்பில் சாப்பிட்டு, ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் எடுத்தவர்கள். கழுதை வரைந்தால் யாராவது ஒரு மாமன் மச்சானுக்கு அது உறைக்கும். லோவுக்கு மாமன் மச்சான் யாரும் அங்கே இல்லை. வந்தேறிக்கு வெளியூரில் கிடைக்கும் ஒரே சொத்து இதுதான் எனலாம்.

பீவர்புரூக் அழைத்தபோது லோ உடனே போய்விடவில்லை. முதலில் மறுத்தார். பிறகு அந்த ஷரத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் போனார். போனபின் முதலாளியையே வாய் பெரிதான ஒரு குட்டி மனிதராகத் திரும்பத் திரும்ப வரைந்தார். முதலாளி அதையும் தம் பத்திரிகையிலேயே அச்சிட்டார். சும்மா சொல்லக்கூடாது, பீவர்புரூக்குக்கும் நெஞ்சு பெரிது. அதோடு வியாபாரக் கண்ணும் உண்டு. வாசகர் பாதிப்பேர் தலையங்கத்தைத் திட்டிவிட்டுப் படத்துக்காகவே காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்றால் கல்லா நிறைந்ததுதானே! ஆனாலும் எல்லாப் படமும் வெளிவந்தது என்று நினைக்க வேண்டாம். ஆசிரியர் குழு அச்சிடாமல் ஒதுக்கிய படங்களும் உண்டு. வரைய உரிமை இவருக்கு, அச்சு யந்திரம் அவர்களுக்கு.

1934இல் பிறந்தவர் கர்னல் பிளிம்ப். குண்டு உடம்பு, வழுக்கைத் தலை, தொங்கு மீசை, இடுப்பில் ஒரு துண்டு. நீராவிக் குளியலறையில் நின்றுகொண்டு உலக விவகாரங்களுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்வார். ஒவ்வொரு தீர்ப்பும் தலைகீழாக இருக்கும். குதிரைப்படையைக் கலைத்து டாங்கி கொடுத்தாலும், டாங்கிக்குள் உட்காரும் அதிகாரி காலில் குதிமுள் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு கர்னல் எழுதியதை லோ பத்திரிகையில் படித்தாராம். குளியலறையில் வியர்வை வழியப் பேசிக்கொண்டிருந்த இருவரையும் கண்டாராம். இரண்டையும் சேர்த்தால் பிளிம்ப். வெள்ளைக்காரத் துரைத்தனம் என்று நம் பாட்டனார் காலத்தில் சொன்னார்களே, அதன் அசல் உருவம் இதுதான். ஆங்கில அகராதியில் அந்தப் பெயர் ஒரு சொல்லாகவே ஏறிவிட்டது. 1943இல் பிளிம்ப் பெயரில் ஒரு திரைப்படம் எடுக்கப்பட்டபோது அதைத் தடுக்கப் பிரதமர் சர்ச்சில் முயன்றார், முடியவில்லை. இத்தனைக்கும் இக்காலச் சித்திரக்காரர்களில் லோவே தலைசிறந்தவர் என்று முன்னொரு சமயம் எழுதியவர் அதே சர்ச்சில்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஹிட்லரையும் முசோலினியையும் லோ வரைந்த விதம் தனி. மற்றவர்கள் அவர்களைப் பூதமாகவும் ராட்சசனாகவும் போட்டார்கள். அது அவர்களுக்குப் பெருமையே என்பது லோவின் எண்ணம். ராட்சசன் என்றால் உலகம் பயப்படும், பயம்தானே அவர்களுக்கு வேண்டியது? லோ அவர்களை வீண்பெருமை பிடித்த கோமாளிகளாகப் போட்டார். அது சுட்டது. ஜெர்மனியில் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' தடை செய்யப்பட்டது. 1936 ஜூலையில் வந்த ஒரு படத்தில், முதுகெலும்பில்லாத ஜனநாயகத் தலைவர்கள் வரிசையாகக் குனிந்து நிற்க, அவர்கள் முதுகையே படிக்கட்டாக்கி ஹிட்லர் மிதித்து ஏறுகிறார். அதில் அடி ஹிட்லருக்கு மட்டுமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

1937 நவம்பரில் பிரிட்டிஷ் அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் பிரபு ஜெர்மனி சென்றார். அங்கே கோயபல்ஸ் லோவின் படங்களைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார். ஒரு பெரிய சாம்ராஜ்யத்தின் அமைச்சரிடம், பெரிய படை வைத்திருக்கும் அரசு, ஒரு மாலைப் பத்திரிகைப் படக்காரனைப் பற்றிப் புகார் சொல்கிறது! ஹாலிஃபாக்ஸ் ஊர் திரும்பியதும் பத்திரிகையின் நிர்வாகி மூலம் லோவைச் சந்தித்தார். மிரட்டல் ஒன்றுமில்லை. பகல் சாப்பாட்டோடு மரியாதையாகத்தான் பேச்சு. உங்கள் படம் சமாதானத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது, கொஞ்சம் அடக்கி வாசிக்கக் கூடாதா என்றார்.

லோ சம்மதித்தார். ஒப்பந்தச் சீட்டில் முதலாளியிடமிருந்து பாதுகாப்பு இருந்தது. சமாதானத்தின் பெயரால் ஒரு நல்ல மனிதர் வந்து பணிவாகக் கேட்டால் என்ன செய்வது என்பதற்கு அதில் ஷரத்து எழுத முடியுமா? இந்த இடத்தில் லோவைக் கோழை என்பாரும் உண்டு, நான் அப்படிச் சொல்லமாட்டேன். போர் வந்தால் பழி தன் பேனாவின் மேல் விழும் என்று ஒருவரிடம் சொன்னால் அவருக்குத் தூக்கம் வருமா? ஆனால் மனுஷர் முழுதாக அடங்கவும் இல்லை. ஹிட்லரையும் முசோலினியையும் ஒன்றாகப் பிசைந்து 'மஸ்லர்' என்று ஒரு கற்பனைச் சர்வாதிகாரியைப் படைத்தார். யாரென்று கேட்டால் யாருமில்லை, பார்த்தால் இருவரும் தெரிவார்கள். 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். மஸ்லருக்கு விடை கொடுத்துவிட்டு லோ அசல் முகங்களையே மறுபடி வரையலானார்.

பிறகு நடந்தது ஊரறிந்தது. 1939 செப்டம்பர் 20இல் வந்த படம் இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. விழுந்து கிடக்கும் போலந்தின் மேல் ஹிட்லரும் ஸ்டாலினும் தொப்பியைக் கழற்றி வணங்கி, வாயால் ஒருவரை ஒருவர் வசை பாடி, குசலம் விசாரிக்கிறார்கள். 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தபோது, கொந்தளிக்கும் கடலோரப் பாறையில் வானத்தை நோக்கி முஷ்டி உயர்த்தும் ஒற்றைச் சிப்பாய். பிரிட்டனைப் பிடித்ததும் கைது செய்ய ஜெர்மானியர் தயாரித்து வைத்திருந்த பட்டியல் போருக்குப்பின் கிடைத்தது. அதில் லோ பெயரும் இருந்தது. நியூரம்பர்க் விசாரணைக்கு லோ நேரில் போய், தாம் இத்தனை வருஷம் வரைந்த முகங்கள் குற்றவாளிக் கூண்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வரைந்தார். 1950இல் ஸ்டாண்டர்டை விட்டார். ஒருமுறை வேண்டாமென்று மறுத்த சர் பட்டத்தை 1962இல் ஏற்றுக்கொண்டு, அடுத்த ஆண்டு செப்டம்பரில் காலமானார்.

லோவின் படங்கள் உலகெங்கும் பல பத்திரிகைகளில் மறு அச்சாயின. நம் சென்னை 'ஹிந்து'விலும் வந்தன. மைசூரில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தில் கடைக்குட்டிப் பையன் ஒருவன் அவற்றை எழுத்துக் கூட்டிப் பார்ப்பான். கையெழுத்தை 'லோ' என்று படிக்கத் தெரியாமல் 'கௌ' என்று படித்து, யாரோ ஒரு பசுமாடு இவ்வளவு அழகாக வரைகிறது என்று வெகுநாள் நினைத்திருந்தானாம். 1921இல் பிறந்த அந்தப் பையன்தான் ஆர். கே. லட்சுமண், எழுத்தாளர் ஆர். கே. நாராயணின் தம்பி. பம்பாய் ஜே. ஜே. ஓவியப் பள்ளி இவருக்குத் திறமை போதாது என்று இடம் மறுத்தது. பின்னர் அதே பம்பாய்க்கு வேலை தேடி வந்து 'ஃப்ரீ பிரஸ் ஜர்னலில்' சேர்ந்தார். கம்யூனிஸ்டுகளைக் கேலி செய்து வரையக் கூடாது என்று அங்கே முதலாளி ஒரு நிபந்தனை போட்டதாக லட்சுமணே சொல்லியிருக்கிறார். லோவிடம் இருந்தது போல அவரிடம் ஒப்பந்தச் சீட்டு ஏதும் இல்லை. வெளியே வந்து 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வின் படியேறினார். கட்டம் போட்ட கோட்டுக்காரர், அந்தச் சாமானிய மனிதர், பேசாமல் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது அங்கேதான், ஐம்பது வருஷத்துக்கும் மேலாக.