வெள்ளையின் அதிகாரம்

ஓலைச்சுவடியில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விட்டதில்லை. பெரும்பாலும் புள்ளிகூடக் கிடையாது. எங்கே நிறுத்துவது என்பதை யாப்பு சொல்லும்; மிஞ்சியதைப் படிப்பவன் காது பார்த்துக்கொள்ளும். விசயமங்கலத்துக் கொங்குவேளிரின் பெருங்கதையும் ஓலைவழி வந்ததுதான். 1924இல் உ.வே.சா. அதை அச்சேற்றியபோது முதலும் முடிவும் கிடைக்கவில்லை. அச்சில் சீர் பார்த்துப் பிரித்தால் ஓசை நிற்கும், சந்தி பிரித்தால் பொருள் நிற்கும். இரண்டும் ஒருசேர வாய்ப்பது அரிது. ஆகவே பழம்பாடலில் நாம் காணும் இடைவெளி ஏற்கெனவே ஒருவர் செய்துவிட்ட விமர்சனம் என்றே நான் கொள்கிறேன்.

இந்த வெள்ளைக்கு இலக்கண அதிகாரமே கொடுத்தவை சில கம்ப்யூட்டர் மொழிகள். ஒரு வரி எவ்வளவு உள்ளே தள்ளித் தொடங்குகிறது என்பதே அது எதற்குள் அடங்கும் என்பதைத் தீர்மானிக்கலாம் என்று 1966இல் பீட்டர் லாண்டின் எழுதினார். கால்பந்தாட்டத்து 'ஆஃப்சைடு' என்ற பெயரை அதற்கு வைத்தார். 1991இல் கீடோ வான் ரோசம் வெளியிட்ட பைத்தான், ஏபிசி என்ற முந்தைய மொழியைப் பின்பற்றி, இதைக் கட்டாயமாக்கியது. நிபந்தனைக்குக் கீழே தள்ளி எழுதிய வரி நிபந்தனைக்குள், தள்ளாதது வெளியே. அபராத வட்டி போடும் வரி இப்படி வெளியே வந்துவிட்டால், தவணை தவறாதவர் கணக்கிலும் அது ஏறும். வங்கிக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டாபையும் ஸ்பேஸையும் முறைகெட்டுக் கலந்தால் பைத்தான் 3 படிக்கவே மறுக்கிறது. நம் கண்ணுக்கோ இரண்டும் ஒரே வெள்ளை.

முத்தையா அண்ணாமலையின் 'எழில்' பைத்தானின்மேல் கட்டிய தமிழ் நிரல்மொழி. அது உள்தள்ளலை நம்பியிருக்கவில்லை. பகுதியை மூட 'முடி' என்று ஒரு சொல் வைத்திருக்கிறது. காதில் விழுகிற எல்லை. ஏடு எழுதியவனுக்கு இது உடனே புரிந்திருக்கும். புதுக்கவிதைக்காரர்களாகிய நாம்தான் வரிகளைப் படிக்கட்டுபோலத் தள்ளித்தள்ளி அச்சிடுகிறோம். அவற்றை இழுத்து ஓரத்தில் நேராக வைத்தாலும் பெரும்பாலான கவிதைகளில் எதுவும் மாறுவதில்லை.