மங்கலாத் தெரிஞ்சா சந்தோஷப்படுங்க!

டிவியில நெட் வழியா படம் பார்க்கிறப்ப திடீர்னு மங்கலாகி, கொஞ்ச நேரத்துல தெளியுதா? பயப்படாதீங்க மக்களே. பழைய கோளாறு ஒண்ணுக்குக் கண்டுபிடிச்ச வைத்தியம்தான் அந்த மங்கல்.

1997-ல ரியல்வீடியோ வந்தப்ப, பல வீடுகள்ல இருந்தது நொடிக்கு 28.8 கிலோபிட் மோடம். தபால்தலை அளவு படம். அதுவும் பாதியில 'பஃபரிங்'னு நின்னுடும். இணைப்பு என்ன வேகம்னு பிளேயர்ல நாமளே குறிச்சு வைக்கணும். கூடுதலாக் குறிச்சா படம் நிக்கும், பழி நம்ம தலையில!

1998-ல ரியல்நெட்வொர்க்ஸ் 'ஷுர்ஸ்ட்ரீம்' கொண்டு வந்தாங்க. லைன் தளர்ந்தா தரம் தானே குறையும். நல்ல யோசனைதான். ஆனா அதுக்குன்னு தனி சர்வர் வேணும். பல ஆபீஸ் ஃபயர்வால்கள் அந்தப் போக்குவரத்தை உள்ளேயே விடாது.

2009-ல ஆப்பிள், ஐபோனுக்காக ஹெச்எல்எஸ் முறையைக் கொண்டு வந்தது. படத்தைச் சில நொடித் துண்டுகளா வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரத்துல சாதாரண வெப் சர்வர்லயே வச்சிடுவாங்க. வெப் பக்கம் வர்ற வழியிலேயே இதுவும் வந்துடும். முந்தின துண்டு எவ்வளவு சீக்கிரம் வந்துச்சுன்னு பார்த்து, அடுத்தது எந்தத் தரம்னு பிளேயரே முடிவு பண்ணும். 2012-ல இதே வழியில 'டேஷ்'ங்கிற பொதுத் தரநிலையும் வந்தாச்சு.

வட்டம் சுத்தினா ரவுட்டரை அணைச்சுப் போடுறது, ஆப்பை மூடித் திறக்கிறதெல்லாம் இன்னைக்கும் உதவும். ஆனா வேகத்தைக் கணிக்கிற பாரத்தை நம்மகிட்ட இருந்து இறக்கி பிளேயர்கிட்ட குடுத்தாங்களே, அதுதான் பெரிய ரிப்பேர். நின்னு போறதை விட மங்கலா ஓடுறது மேல், இல்லீங்களா?