எல்லை காட்கோபரை அடைந்த கதை

பம்பாயில் திட்டம் முந்தியதா, குடியேற்றம் முந்தியதா என்று வினவினால், பேட்டைக்குப் பேட்டை விடை மாறும். 1896இல் பிளேக் நோய் நகரை வாட்டியது. 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்டு அமைந்தது. தாதர், மாதுங்காப் பகுதிகளில் அது முதலில் தெருக்களை வகுத்தது. நம்மவர் பின்னரே பெருவாரியாகக் குடிபுகுந்தனர். மாதுங்காவின் அகன்ற சாலைகளையும் மர நிழலையும் நாம் இன்றும் அனுபவிக்கிறோம்.

காட்கோபரின் வரலாறு வேறு. 1853இல் தாணாவுக்கு ஓடிய முதல் ரயில் இவ்வழியே சென்றது. எனினும் நெடுங்காலம் இது நகருக்குப் புறம்பான ஊரே. 1948இல் மோதக் என்னும் பொறியாளரும் ஆல்பர்ட் மேயர் என்னும் அமெரிக்க நிபுணரும் பெரும்பம்பாய்க்கு மூலத் திட்டம் வரைந்தனர். நெருக்கம் தணியத் துணை நகரங்கள் வேண்டுமென்றனர். 1950இல் மாநகராட்சியின் எல்லை விரிந்து காட்கோபரையும் உள்ளடக்கியது. முறையான வளர்ச்சித் திட்டம் அரசின் ஒப்புதல் பெற்றதோ 1967இல்தான்!

அதுவரை உழைப்பாளிகள் காத்திருப்பரோ? குன்றுச் சரிவுகளில் குடிசைகள் எழுந்தன. அவர்களைக் குறை கூற நாம் ஒருப்படோம். வேலைக்கு அழைத்த நகரம் வீட்டுக்கு வழி செய்யவில்லை. 2000ஆம் ஆண்டு ஜூலை மாத அடைமழையில் காட்கோபரின் ஆசாத் நகரிலே அத்தகைய சரிவொன்று இடிந்து விழுந்தது. உறங்க ஓரிடம் தேடிச் சென்றவர் பலர் அம்மண்ணுள் புதைந்தனர்.