நிகழ்பட ஆட்டத்திற்கான பெரிய கணினித் திரை

நிகழ்பட ஆட்டத்திற்கான கணினித் திரை என்பது விரைந்து மாறும் காட்சிகளைத் தெளிவாகவும் காலத்தாழ்வின்றியும் காட்டுவதற்கென வடிவமைக்கப்பட்ட வெளியீட்டுக் கருவி ஆகும். கடைகளில் இது கேமிங் மானிட்டர் என்றே வழங்கப்படுகிறது. 2000களின் தொடக்கத்தில் வீட்டுக் கணினிகளில் 15 அல்லது 17 அங்குலத் திரை இயல்பானதாக இருந்தது. இன்று 24, 27, 32 அங்குலத் திரைகளும் 34 அங்குல அகன்ற திரைகளும் பரவலாக விற்பனையாகின்றன.

திரை பெரிதாவதால் மட்டும் காட்சி தெளிவாகிவிடுவதில்லை. மூலைவிட்ட நீளம், படவணுக்களின் எண்ணிக்கை, கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தொலைவு, கணினியின் வரைகலை ஆற்றல் ஆகிய நான்கும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துபவை. பெரிய திரை வாங்கியவர் சில மாதங்களில் புதிய வரைகலை அட்டையும் வாங்க நேர்வது இதனாலேயே. வீட்டில் ஒரே கணினியைப் படிப்புக்கும் ஆட்டத்துக்கும் பயன்படுத்தும் மாணவருக்கு இந்த இரண்டாம் செலவு சிறியதன்று.

தமிழ்நாட்டில் கணினித் திரைகள்

கொற்கை அமைந்துள்ள தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூரை அடுத்த மூலைப்பொழியில் பிறந்த சிவ நாடார், நண்பர்களுடன் சேர்ந்து 1976இல் தொடங்கிய எச்.சி.எல் நிறுவனம் இந்தியக் கணினி உற்பத்தியின் முன்னோடிகளுள் ஒன்று. அதன் மேசைக்கணினிகள் பல ஆண்டுகள் புதுச்சேரியில் உருவாயின. அக்காலத்தில் கணினிப் பெட்டியும் திரையும் விசைப்பலகையும் ஒரே தொகுப்பாக விற்கப்பட்டதால், திரையைத் தனியே தேர்ந்தெடுக்கும் வழக்கம் குறைவாகவே இருந்தது.

நண்பர்கள் கூடிக் கணினியில் விளையாடும் வழக்கத்தை நகரங்களில் வளர்த்தவை இணைய உலாவு நிலையங்கள் ஆகும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சிஃபி நிறுவனத்தின் ஐவே நிலையங்கள் அவற்றுள் பலரும் அறிந்தவை. அங்கும் பிற நிலையங்களிலும் முதலில் இருந்தவை எதிர்மின்கதிர்க் குழாய்த் திரைகளே. மேசையின் பாதியை அடைத்துக்கொண்டாலும் அவை நொடிக்கு 85 முறை அல்லது அதற்கு மேலும் படத்தைப் புதுப்பிக்க வல்லவையாக இருந்தன. பின்னர் வந்த நீர்மப் படிகத் திரைகள், அதாவது எல்.சி.டி திரைகள், மெலிந்தவையாயினும் பெரும்பாலும் 60 முறைக்கு மேல் புதுப்பிக்கவில்லை. 'கவுண்டர்-ஸ்டிரைக்' போன்ற சுடும் ஆட்டங்களை ஆடியவர்கள் பழைய கனத்த திரையை நெடுநாள் விடாமல் வைத்திருந்ததற்கு இதுவே காரணம். 120 முறை புதுப்பிக்கும் எல்.சி.டி திரைகள் 2009இல்தான் சந்தைக்கு வந்தன.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து அரசு மற்றும் அரசு உதவிபெறும் நிறுவனங்களில் பயின்ற மாணவர்களுக்கு வழங்கப்பட்ட அம்மடிக்கணினிகள் 14 அங்குலத் திரை கொண்டவை. ஊர்ப்புற இளைஞர் பலருக்கு முதல் ஆட்டத் திரையும் அதுவாகவே அமைந்தது. இத்தகைய மடிக்கணினியுடன் பெரிய வெளித் திரையொன்றை இணைக்கலாமா என்பது இன்றும் எழும் கேள்வி. இணைக்கலாம், ஆனால் அதன் விளைவைக் கீழே காணும் கணக்குகளே முடிவு செய்கின்றன.

அளவு என்னும் எண்

திரையின் அளவாகச் சொல்லப்படுவது ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரையுள்ள மூலைவிட்டத்தின் நீளமாகும். இந்தியாவில் விற்பனைப் பெட்டிகளில் அது சென்டிமீட்டரில் அச்சிடப்பட்டாலும், பேச்சு வழக்கில் அங்குலமே நிலைத்துவிட்டது. 27 அங்குலம் என்பது 68.6 சென்டிமீட்டர்.

இந்த ஒற்றை எண் பலரை ஏமாற்றியிருக்கிறது. பழைய 4:3 விகிதத் திரையில் 19 அங்குலம் என்றால் உயரம் 29 சென்டிமீட்டர். அதை மாற்றிவிட்டு 16:9 விகிதத்தில் 22 அங்குலத் திரை வாங்கினால் உயரம் 27.4 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். எண் கூடியது, உயரம் குறைந்தது. இதே நிலை இன்று 34 அங்குல அகன்ற திரைகளுக்கும் பொருந்தும். 3440×1440 படவணுக்கள் கொண்ட அத்திரை சுமார் 80 சென்டிமீட்டர் அகலமும் 33 சென்டிமீட்டர் உயரமும் உடையது. உயரத்தில் அது சாதாரண 27 அங்குலத் திரைக்கு ஏறத்தாழ நிகரானதே. தேரோட்டப் பந்தயம், வானூர்தி ஓட்டம் போன்ற ஆட்டங்களில் பக்கவாட்டுக் காட்சி விரிவது பயனுள்ளது. எனினும் எல்லா ஆட்டங்களும் இவ்விகிதத்தை ஏற்பதில்லை. ஏற்காதவற்றில் இருபுறமும் கருந்தூண்கள் தோன்றும்.

ஒரே விகிதமுள்ள திரைகளை ஒப்பிடும்போது பரப்பையே நோக்க வேண்டும். 24 அங்குலத்திலிருந்து 27க்கு மாறினால் பரப்பு சுமார் 27 விழுக்காடு கூடும். 32க்கு மாறினால் 78 விழுக்காடு கூடும்.

படவணு அடர்த்தி

திரையில் காணும் படம் படவணு அல்லது பிக்சல் எனப்படும் நுண்புள்ளிகளால் ஆனது. ஓர் அங்குல நீளத்தில் எத்தனை படவணுக்கள் உள்ளன என்பதே படவணு அடர்த்தி. 1920×1080 பிரிதிறன் கொண்ட 24 அங்குலத் திரையில் இது சுமார் 92. அதே பிரிதிறனை 27 அங்குலத்தில் விரித்தால் 82 ஆகக் குறையும். 2560×1440 கொண்ட 27 அங்குலத்தில் 109, அதே பிரிதிறனுடன் 32 அங்குலத்தில் மீண்டும் 92, 3840×2160 கொண்ட 32 அங்குலத்தில் 138.

விலை குறைவாக இருப்பதால் 1920×1080 கொண்ட 27 அங்குலத் திரை மிகுதியாக விற்பனையாகிறது. ஆட்டத்தில் அசையும் காட்சியில் இதன் குறை அவ்வளவாகத் தெரியாது. எழுத்துகளை வாசிக்கும்போது தெரியும்; தமிழ் எழுத்துகளில் இன்னும் தெளிவாகத் தெரியும். ணை, ழு, ஞ் போன்றவற்றில் சுழிகளும் புள்ளியும் குறுகிய இடத்தில் அமைவதால், அடர்த்தி குறைந்த திரையில் சிறிய எழுத்துரு கலங்கி நிற்கும். அதே திரையில் பாடமும் படிக்க வேண்டியவர் கடையில் விளம்பர நிகழ்படத்தை மட்டும் பார்த்து நிறைவடையாமல், தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்து பார்ப்பது நல்லது.

பார்வைத் தொலைவு

இயல்பான கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோண அளவுள்ள நுணுக்கத்தைப் பிரித்தறிய வல்லது. இதைக் கொண்டு, படவணுக்கள் தனித்தனியே தெரியாமல் மறையும் தொலைவைக் கணக்கிடலாம். 1920×1080 கொண்ட 24 அங்குலத் திரைக்கு அது 95 சென்டிமீட்டர். 27 அங்குலத்திற்கு 107. 2560×1440 கொண்ட 27 அங்குலத்திற்கு 80 சென்டிமீட்டரும், 3840×2160 கொண்ட 32 அங்குலத்திற்கு 63 சென்டிமீட்டரும் போதும்.

மேசைக்கணினி முன் அமர்பவரின் கண் பெரும்பாலும் 50 முதல் 75 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளது. 60 சென்டிமீட்டரில் 24 அங்குலத் திரை சுமார் 48 பாகைக் கோணத்தை நிறைக்கும், 27 அங்குலம் 53 பாகையையும் 32 அங்குலம் 61 பாகையையும் நிறைக்கும். கதை சார்ந்த, உலகைச் சுற்றித் திரியும் ஆட்டங்களில் இந்த நிறைவே இன்பம். போட்டி ஆட்டங்களில் நிலை வேறு. மூலையிலுள்ள சிறு வரைபடத்தையும் எஞ்சியுள்ள குண்டுகளின் எண்ணிக்கையையும் தலையைத் திருப்பாமல் நோக்க வேண்டியிருப்பதால், தொழில்முறை ஆட்டக்காரர்கள் இன்றும் 24 முதல் 25 அங்குலத் திரைகளையே பெரிதும் விரும்புகின்றனர்.

ஆகவே திரையை அளப்பதற்கு முன் மேசையை அளக்க வேண்டும். சுவரை ஒட்டிய 45 சென்டிமீட்டர் ஆழமுள்ள படிப்பு மேசையில், திரையின் தாங்கி 20 சென்டிமீட்டரை எடுத்துக்கொண்டால் 32 அங்குலத் திரை முகத்தில் மோதுவதுபோல் நிற்கும். பின்புறம் 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் திருகுத் துளைகள் உள்ள திரையாயின், அதைச் சுவரிலோ மேசைக் கைத்தாங்கியிலோ பொருத்தி இடத்தை மீட்கலாம்.

வரைகலை ஆற்றல்

ஆட்டத்தின் ஒவ்வொரு சட்டகத்திலும் எல்லாப் படவணுக்களின் நிறத்தையும் கணினி கணக்கிட்டாக வேண்டும். 1366×768 திரையில் அவை சுமார் 10.5 இலட்சம், 1920×1080இல் 20.7 இலட்சம், 2560×1440இல் 36.9 இலட்சம், 3840×2160இல் 82.9 இலட்சம். மேலே சொன்ன 14 அங்குல வகை மடிக்கணினி 1366×768இல் ஓர் ஆட்டத்தை நொடிக்கு 40 சட்டகங்களாக ஓட்டுகிறது எனக் கொள்வோம். வெளித் திரையில் 1920×1080 பிரிதிறனைத் தேர்ந்தால் வேலை ஏறத்தாழ இருமடங்காகி, வேகம் பாதியை நெருங்கக் குறையலாம். திரை அழகாகும், ஆட்டம் இழுபடும்.

ஆட்டத்தை மட்டும் குறைந்த பிரிதிறனில் ஓட்டிப் பெரிய திரையில் நீட்டுவதும் உண்டு. 3840×2160 திரையில் 1920×1080 படத்தைக் காட்டும்போது ஒரு படவணு நான்காகப் பெருகுவதால் கணக்கு சரியாக அமையும். 2560×1440 திரையில் அது ஒன்றேகால் மடங்கினும் சற்றுக் கூடிய பின்ன அளவாகி, விளிம்புகள் மங்கும்.

பழைய கணினி உடையோர் கவனிக்க வேண்டிய மற்றொன்று இணைப்பு முனை. எச்.டி.எம்.ஐ 1.4 முனை 3840×2160 பிரிதிறனை நொடிக்கு 30 முறை மட்டுமே அனுப்பும். சுட்டியை அசைத்தாலே தயக்கம் தெரியும். 2.0 முனை 60 முறையும், 2.1 முனை 120 முறையும் அதற்கு மேலும் அனுப்ப வல்லவை.

புதுப்பிப்பு வீதம்

ஒரு நொடியில் திரை எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்பது புதுப்பிப்பு வீதம், அலகு எர்ட்சு. 60 எர்ட்சில் ஒரு படம் 16.7 மில்லிநொடி நிற்கும், 144இல் 6.9, 240இல் 4.2. முதல் தாவலில் கிடைக்கும் பயன் பெரிது, அடுத்தது சிறிது. 60இலிருந்து 144க்கு மாறியவர் உடனே உணர்வார். 144இலிருந்து 240க்கு மாறியதைப் பலர் உணர்வதில்லை. கணினி அத்தனை சட்டகங்களை உருவாக்காவிட்டால் உயர்ந்த வீதத்தின் பயன் பெரும்பாலும் வீணே.

கணினியின் வேகமும் திரையின் வேகமும் பொருந்தாதபோது படம் குறுக்கே கிழிந்ததுபோல் தோன்றும். இதைத் தவிர்க்க, கணினியின் வேகத்துக்கேற்பத் திரை தன் வீதத்தை மாற்றிக்கொள்ளும் முறையை என்விடியா நிறுவனம் 2013இல் ஜி-சிங்க் என்னும் பெயரில் அறிமுகப்படுத்தியது. ஏ.எம்.டி நிறுவனத்தின் ஃப்ரீசிங்க் திரைகள் 2015இல் வந்தன. ஆற்றல் குறைந்த கணினிக்கே இவ்வசதி மிகுதியும் உதவும் என்பது பலர் அறியாதது.

144 எர்ட்சுத் திரையை இணைத்தபின் இயங்குதள அமைப்பில் அவ்வீதத்தைத் தெரிவு செய்ய வேண்டும். செய்யாமல் ஆண்டுக்கணக்கில் 60இலேயே ஆடுவோரும் உண்டு.

பலக வகைகள்

டி.என் பலகம் மலிவானது, விரைவானது. பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் மாறும். ஐ.பி.எஸ் பலகம் நிறத்திலும் பார்வைக் கோணத்திலும் சிறந்தது. இருட்டறையில் கருமை சாம்பலாகத் தெரியும். வி.ஏ பலகத்தின் கருமை ஆழமானது, ஆயின் இருண்ட காட்சிகள் விரைந்து அசையும்போது நிழல் இழுபடலாம். ஓஎல்இடி திரைகள் இம்மூன்றையும் விஞ்சுகின்றன, விலையும் அவ்வாறே. அவற்றில் ஒரே படம் நெடுநேரம் நின்றால் அதன் தடம் பதியக்கூடும் என்பதால், நாள் முழுதும் ஒரே சாளரத்தைத் திறந்து வைத்துப் பணியாற்றுவோர் சிந்தித்து வாங்க வேண்டும்.

வரி

2017 சூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது பெரிய கணினித் திரைகளுக்கு 28 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. 2019 சனவரி 1 முதல் 32 அங்குலம் வரையிலான திரைகளுக்கு அது 18 ஆகக் குறைந்தது. இதனால் 32 அங்குலம் என்பது ஒரு வரம்பாகவே நின்றது: வரிக்கு முன் 30,000 ரூபாய் விலையுள்ள 34 அங்குலத் திரையை வாங்கியவர், அதே விலையுள்ள 32 அங்குலத் திரையை வாங்கியவரைவிட 3,000 ரூபாய் கூடுதலாகச் செலுத்தினார். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய திரைகளுக்கும் 18 விழுக்காடே பொருந்துகிறது. அதற்கு முன் எழுதப்பட்ட விலை ஒப்பீடுகளை நம்பி அகன்ற திரையைத் தவிர்க்க வேண்டியதில்லை.

வாங்குதலும் வைத்தலும்

கொற்கை, ஏரல், ஸ்ரீவைகுண்டம் போன்ற தாமிரபரணிக் கரை ஊர்களில் உள்ளோர் பெரிய திரைகளை நேரில் காணத் தூத்துக்குடிக்கோ திருநெல்வேலிக்கோ செல்ல வேண்டும். இல்லையேல் இணையவழியே வாங்க வேண்டும். இணையவழி வாங்குவோர் உத்தரவாதச் சேவை தம் அஞ்சல் குறியீட்டு எண் வரை வந்து சேருமா என்பதை முன்னரே அறிதல் தேவை. 32 அங்குலத் திரையைப் பழுதுக்காகப் பேருந்தில் ஏற்றிச் செல்வது எளிதன்று. பெட்டியைப் பிரிக்கும்போது நிகழ்படம் எடுத்து வைப்பதும், முதல் நாளே முழுத்திரையையும் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என மாற்றிச் செத்த படவணுக்கள் உள்ளனவா எனப் பார்ப்பதும் பயன் தரும். ஒன்றிரண்டு இருந்தால் எல்லா நிறுவனங்களும் மாற்றித் தருவதில்லை. எத்தனை இருந்தால் மாற்றுவர் என்பது உத்தரவாத விதியில் இருக்கும்.

பெரும்பாலான திரைகள் 40 பாகை செல்சியசு வரையிலான அறை வெப்பத்திற்கே வடிவமைக்கப்படுகின்றன. பாளையங்கோட்டையில் கோடையில் வெயில் அதைத் தாண்டுவது புதிதன்று என்பதால், மேற்குச் சுவரை ஒட்டிய தகரக் கூரை அறையில் திரையின் பின்புறக் காற்றுத் துளைகளை அடைத்து வைக்கலாகாது. சன்னலுக்கு நேரெதிரே வைத்தால் பளபளப்பான திரை கண்ணாடியாகிவிடும். சன்னல் பக்கவாட்டில் அமைவதே நன்று.

2023 டிசம்பர் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாகி, ஏரல், ஸ்ரீவைகுண்டம் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. இவ்வட்டாரத்தில் தரைத்தள வீட்டில் இருப்போருக்குச் சுவரில் உயரமாகப் பொருத்தும் தாங்கி இடத்தை மிச்சப்படுத்துவதற்கு மட்டும் உதவுவதன்று. நீர் புகுந்த திரையை, வெளியே உலர்ந்ததுபோல் தோன்றினாலும், பழுதுபார்ப்பவர் திறந்து பார்க்கும் முன் மின்னிணைப்பில் செருகக் கூடாது.