பேரும் துண்டும்: ஊவாத் தோட்டங்களில் வணிகச் சொற்கள்

ஹல்துமுல்லை உள்ளிட்ட ஊவா மலைச்சரிவுகளில் முதலில் கோப்பியும், 1869இல் இலங்கையில் தோன்றிய இலைநோய் அதனை அழித்தபின் தேயிலையும் பயிரிடப்பட்டன. 1890இல் தோமஸ் லிப்டனும் இப்பகுதியில் தோட்டங்களை வாங்கினார். ஆங்கிலேயர் வணிகத்தோடு அவர்தம் வணிகமொழியும் மலையேறிற்று.

தொழிலாளர் அம்மொழியைப் பள்ளியிற் கற்றாரல்லர். வேலைக்களத்திற் செவிவழி ஏற்றனர். காலை அணிவகுப்பாகிய 'பரேட்', 'பிரட்டு' ஆயிற்று. 'லைன்' என்பது 'லயம்' ஆயிற்று. வருகைக் கணக்கேடாகிய 'செக்ரோல்' அப்படியே வழங்கிற்று. இவை ஒலிமாற்றங்கள் மட்டுமே. 'பேர்' என்னும் சொல்லின் வரலாறோ வேறு. செக்ரோலில் ஒருநாள் வேலை 'நேம்' எனப்பட்டது. தமிழில் அதுவே 'பேர்'. குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'. மனிதரைச் சுட்டிய சொல் கூலியின் அளவாயிற்று.

இதற்கு எதிர்த்திசையிற் சென்ற சொல் 'துண்டு'. தொழிலாளியின் கடன்தொகையைக் குறித்த அச்சீட்டின் தமிழ்ப்பெயரையே துரைமார் தம் ஆங்கிலத்திலும் வழங்கினர். அக்கடனைப் புதிய தோட்டம் ஏற்றாலன்றித் தொழிலாளி இடம்பெயர இயலவில்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டமே அம்முறையை ஒழித்தது.

துண்டு என்னும் சொல் தொழிலாளியின் தாய்மொழிக்குரியது. அதில் எழுதப்பட்ட தொகையோ பெரும்பாலார்க்கு வாசிக்க இயலாதது. வணிகமொழிக் கல்வி சொற்பொருளோடு நின்றுவிடாது, ஏட்டிலுள்ள கணக்கை வாசித்து வினவும் ஆற்றலையும் தருதல் வேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.