பெயர்ப் பட்டியலைக் கேட்கும் அதிகாரம்

தோழர்களே,

நம் சேரிகளில் சங்கம் வைத்தவர்கள் எல்லோரிடமும் ஒரு நோட்டு இருந்திருக்கும். உறுப்பினர் பெயர், தெரு, கட்டிய சந்தா, அவ்வளவுதான் அதில் இருக்கும். ஆனால் யாருடைய வயலில் கூலிக்குப் போகிறவர் சங்கத்தில் இருக்கிறார் என்பதை அந்த நோட்டு காட்டிக்கொடுத்துவிடும். அது ஆண்டை கைக்குப் போனால் மறுநாள் வேலை இல்லை. ‘தப்பு செய்யாதவர் ஏன் பயப்பட வேண்டும்?’ என்று கேட்பவர்களுக்கு அந்த நோட்டே பதில். தப்பு செய்ததற்காக அல்ல, சேர்ந்ததற்காகவே நாம் தண்டிக்கப்பட்டிருக்கிறோம்.

இதை அண்ணல் அம்பேத்கர் அறிந்திருந்தார். 1947 மார்ச்சில் அவர் அளித்த அடிப்படை உரிமைகள் குறித்த குறிப்பில், மக்களின் உடல், வீடு, ஆவணங்கள், உடைமைகள் ஆகியவற்றை நியாயமற்ற சோதனையிலிருந்தும் பறிமுதலிலிருந்தும் காக்கும் விதி ஒன்று இருந்தது. அது புலனாய்வுக்கு இடையூறாகும் என்ற எதிர்ப்பு எழுந்தது. இறுதி அரசமைப்புச் சட்டத்தில் அந்த விதி இடம்பெறவில்லை.

விளைவு ஏழே ஆண்டுகளில் தெரிந்தது. 1954இல் எம்.பி. சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு, அமெரிக்காவில் உள்ளது போன்ற பாதுகாப்பை நம் அரசமைப்பை உருவாக்கியவர்கள் தரவில்லை என்று கூறியது. வழக்கு ஒரு பெரும் தொழில் குழுமத்தின் கணக்குகளைப் பற்றியது. ஆனால் அதன் சுமை எல்லார் தலையிலும் ஏறியது.

அதே காலத்தில் அமெரிக்காவில் கறுப்பின மக்கள் இதே கேள்வியை எதிர்கொண்டார்கள். 1956, அலபாமா மாநிலம். மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்த ஆண்டு. கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தைத் தடுக்க மாநில அரசு வழக்குப் போட்டு, சங்கத்தின் ஆவணங்களைக் கேட்டது. அம்பேத்கர் 1946இல் கடிதம் எழுதிய டு பாய்ஸ், அந்தச் சங்கத்தை 1909இல் தோற்றுவித்தவர்களில் ஒருவர். மற்ற ஆவணங்களைத் தர முன்வந்த சங்கம், சாதாரண உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலை மட்டும் தர மறுத்தது. 10,000 டாலர் அபராதம் 1,00,000 டாலராக உயர்ந்தது. அப்போதும் தரவில்லை. பெயர் வெளியானால் வேலை போகும், அடி விழும் என்பதை ஏற்றுக்கொண்ட அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1958இல் ஒருமனதாகச் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. இருந்தும் அலபாமாவில் சங்கம் மீண்டும் இயங்க 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பட்டியல் சங்கத்தின் பெட்டியில் இருந்ததால் மறுக்க முடிந்தது. நம் விவரங்கள் வேறொருவர் பெட்டியில் இருந்தால்? வங்கியில் உள்ள கணக்கு விவரம் வங்கியுடையது, வாடிக்கையாளர் உரிமை கோர முடியாது என்று 1976இல் அதே நீதிமன்றம் மில்லர் வழக்கில் சொன்னது. மார்ட்டின் லூதர் கிங்கை எஃப்.பி.ஐ. வேவு பார்த்ததை செனட்டின் சர்ச் குழு வெளிக்கொண்டுவந்ததும் அந்தக் காலத்தில்தான். அதன் பின்பு 1978இல் வங்கி விவரங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது.

2001இல் அந்த வேலி தளர்ந்தது. ‘தேசியப் பாதுகாப்புக் கடிதம்’ என்ற பெயரில், நீதிபதியின் ஒப்புதல் இல்லாமலே தொலைபேசி, வங்கி விவரங்களைக் கேட்கும் எஃப்.பி.ஐ.யின் அதிகாரம் விரிந்தது. கடிதம் பெற்றவர் வாய் திறக்கவும் கூடாது. 2005இல் கனெக்டிகட் மாநில நூலகர்கள் நான்கு பேர் இந்தக் கடிதத்தை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். அந்தச் சட்டத்தைப் புதுப்பிப்பது பற்றி நாடாளுமன்றம் விவாதித்தபோது அவர்களால் பேச முடியவில்லை. வாய்ப்பூட்டு கழன்றபோது சட்டம் நிறைவேறிவிட்டிருந்தது.

ஆனால் அதே புதுப்பிப்புச் சட்டம் ஒரு நல்லதும் செய்தது. நீதித்துறை அமைச்சகத்தின் தலைமை ஆய்வு அலுவலர் இந்த அதிகாரத்தைத் தணிக்கை செய்தாக வேண்டும் என்று கட்டளையிட்டது. 2007 மார்ச்சில் அறிக்கை வந்தது. 2000இல் சுமார் 8,500ஆக இருந்த கோரிக்கைகள், 2003 முதல் 2005 வரையிலான மூன்றாண்டுகளில் 1,43,074 ஆகியிருந்தன. நாடாளுமன்றத்துக்கு எஃப்.பி.ஐ. கொடுத்த எண்ணிக்கை குறைவானது. ‘அவசரம்’ என்று சொல்லித் தொலைபேசி நிறுவனங்களுக்கு அனுப்பிய கடிதங்கள் மட்டும் 739. இந்த ஆய்வு அலுவலரும் அரசின் அலுவலர்தான். அவர் அறிக்கைக்குப் பலன் இருந்ததென்றால், பார்க்கச் சொன்னது வெளியிலிருந்து வந்த சட்டம், பார்த்ததை நாடே படித்தது என்பதால்தான்.

நம் நாட்டுக்கு வருவோம். தொலைபேசி ஒட்டுக்கேட்பை எதிர்த்து மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம் மறுஆய்வுக் குழுவை அமைக்கச் சொன்னது. மத்தியக் குழுவில் அமைச்சரவைச் செயலாளர், சட்டச் செயலாளர், தொலைத்தொடர்புச் செயலாளர். ஆணையிடுபவர் உள்துறைச் செயலாளர். ஆணையிடுபவரும் ஆராய்பவரும் ஒரே அரசின் செயலாளர்கள். நீதிபதி இல்லை, நாடாளுமன்ற உறுப்பினர் இல்லை. 2004இல் கனரா வங்கி வழக்கில், ஆட்சியர் அனுமதித்த எவரும் வங்கியில் புகுந்து ஆவணங்களைப் பார்க்கலாம் என்ற ஆந்திரச் சட்டத் திருத்தத்தை நீதிமன்றம் ரத்து செய்தது. மில்லர் தீர்ப்பின் வழியில் போக மறுத்தது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்து, 1954இன் தடையை நீக்கினார்கள். அண்ணல் எழுதிய விதியின் உயிர் 70 ஆண்டுகள் கழித்துத் திரும்பியது.

ஆனாலும் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியே எழுத்து மூலம் ஆவணத்தையும் மின்னணுத் தகவலையும் கேட்கலாம். முன்கூட்டியே நீதிபதி பார்க்க வேண்டும் என்று அதில் இல்லை. விவரத்துக்கு உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் இல்லை.

குற்றத்தை விசாரிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வன்கொடுமை வழக்குகளில் தொலைபேசிப் பதிவைக் கேட்டு அலைந்தவர்கள் நாம்தான். நாம் கேட்பது மூன்று. கேட்பதற்கு முன் ஒரு நீதிபதியின் கையெழுத்து. கேட்ட பின் உரியவருக்கு அறிவிப்பு. ஆண்டுதோறும் எத்தனை முறை கேட்டார்கள் என்ற கணக்கு, ஆட்சியில் இல்லாதவர்களும் அமர்ந்திருக்கும் குழுவின் முன்னால்.

மாணவத் தோழர்களே, எழுத்து மூலமான ஆணை இல்லாமல் சங்கத்தின் நோட்டை எவரிடமும் கொடுக்காதீர்கள். ஆணை வந்தால், எந்தப் பிரிவு, யார் கையெழுத்து என்று பாருங்கள், வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள். அலபாமாவில் தொடங்கியதும் அந்த ஒரு மறுப்பில்தான்.

ஜெய்பீம்.